பீடிக் கணக்கு நோட்டும் பெண் உடம்பும்: அடுத்த தொற்றுநோய்க்கு முன்னாடி எதை ஆராயணும்?

குடியாத்தம்_நர்ஸம்மா (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, மாலை 6.10

எல்லாருக்கும் வணக்கம். 31 வருஷம் கிராம சுகாதார செவிலியரா இருந்து, கொரோனா ஓய்ஞ்ச பிறகு ஓய்வு பெற்றவள் நான். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் என் கால் படாத தெரு கம்மி. ஒரு விஷயம் ரொம்ப நாளா நெஞ்சுல கிடக்கு. இங்க படிச்சவங்க, ஆய்வகத்துல வேலை செய்றவங்க எல்லாம் இருக்கீங்க, அதனால எழுதறேன்.

எங்க தெருவுல ஒருத்தி, பீடி சுத்துறவ. 2021 மே மாசம் அவளுக்குக் கொரோனா வந்துச்சு. ஆக்சிஜன் தேவைப்படல. ஒரே அறை வீடு. நடுவுல பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டு 14 நாள் தனியா இருந்தா. அப்புறம் குணமடைஞ்சவங்க கணக்குல சேர்ந்துட்டா. அந்தப் பேரைப் பட்டியல்ல எழுதினதே நான்தான்.

போன மாசம் அவளைப் பார்க்கப் போனேன். மடியில மொறம், பக்கத்துல நறுக்கின இலை. "அக்கா, முன்னெல்லாம் நாளைக்கு ஆயிரம் சுத்துவேன். இப்ப அறுநூறு தாண்டினா விரல் மரத்துப் போவுது, கண்ணு இருட்டிக்கினு வருது"ன்னா. கொரோனா வந்ததுக்கு அடுத்த மாசமே தீட்டு நின்னு, மூணு மாசம் கழிச்சு வந்து, அன்னிலேருந்து கணக்கே இல்லாம வருதாம். ஒரு ஆஸ்பத்திரியில "வயசாவுதில்ல, அப்படித்தான்"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இன்னொரு இடத்துல ரத்தம் கம்மின்னு மாத்திரை கொடுத்தாங்க. ரெண்டுமே உண்மையாக்கூட இருக்கலாம். ஆனா உனக்குக் கொரோனா வந்துச்சாமான்னு ரெண்டு இடத்துலயும் கேக்கல.

பேசிக்கிட்டிருக்கும்போதே உள்ள போய் கணக்கு நோட்டை எடுத்துட்டு வந்தா. ஏஜென்ட் கொடுக்கிற நோட்டு. எவ்வளவு இலை, எவ்வளவு தூள் வாங்கினா, எத்தனை பீடி திருப்பிக் கொடுத்தா, கூலி எவ்வளவுன்னு வாரம் வாரம் எழுதினது. 2019லேருந்து பத்திரமா வச்சிருக்கா. பக்கத்தைத் திருப்பத் திருப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. 2021 மே வரைக்கும் ஒரு கணக்கு, அதுக்கப்புறம் வேற கணக்கு. விழுந்தது இன்னும் எழுந்திருக்கல. நான் எழுதின பட்டியல்ல அவ குணமாயிட்டா. அந்த நோட்டுல அவ இன்னும் குணமாகல.

2006ல சிக்குன்குனியா வந்தப்பவும் இதையே பார்த்தேன். காய்ச்சல் ஒரு வாரத்துல போயிடுச்சு. மூட்டுவலி மாசக்கணக்கா நின்னுச்சு, அதிகமா நாப்பது தாண்டின பொம்பளைங்களுக்கு. மொறத்தை மடியில வச்சு உட்கார முடியாம தொழிலையே விட்டவங்க உண்டு. அதை யார் எழுதி வச்சாங்க?

அடுத்த தடவை இப்படி ஒரு வைரஸ் வந்தா, பெண்களைப் பத்தி முதல்ல எதை ஆராயணும்? உங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க.

---

பாகாயம்_ஆய்வகம்
ஞாயிறு, இரவு 9.32

வணக்கம் நர்ஸம்மா. நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். என்னைக் கேட்டால் கர்ப்பிணிகளைத்தான் முதலில் சொல்வேன்.

நம் நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கியது 2021 ஜனவரி 16. பாலூட்டும் தாய்மாருக்கு அனுமதி வந்தது மே 19. கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2. நடுவில் ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை ஊரையே வாரிக்கொண்டு போனது. கர்ப்பிணிகள் அதை ஊசி இல்லாமல்தான் கடந்தார்கள். ஊசியால் அவர்களுக்குக் கெடுதல் என்று யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. பரிசோதனையில் அவர்களைச் சேர்க்காததால் கெடுதல் என்றும் சொல்ல முடியவில்லை, நல்லது என்றும் சொல்ல முடியவில்லை.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் கர்ப்பிணிகள் விழுங்கிய தாலிடோமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தன. அந்த அச்சத்தில் 1977ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பிள்ளை பெறும் வாய்ப்புள்ள பெண்களையே ஆரம்பக்கட்டப் பரிசோதனைகளிலிருந்து விலக்கி வைத்தது. 1993ல்தான் அது மாறியது. தாலிடோமைடைக் கர்ப்பிணிகளிடம் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்காமலே விற்றார்கள். அதிலிருந்து நாம் படித்திருக்க வேண்டிய பாடம் முறையாகச் சோதி என்பது. எடுத்துக்கொண்டதோ அவர்கள் பக்கமே போகாதே என்பது.

சேர்த்துக்கொள்ள முடியாது என்பதும் சரியல்ல. பிரிட்டனில் 2020ல் கொரோனாவுக்கு மருந்து தேடி நடந்த ரெகவரி ஆய்வில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். மற்றவர்களுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்த இடத்தில் இவர்களுக்கு பிரட்னிசொலோன் போன்ற மாற்று மருந்தைக் கொடுத்தார்கள். அது நஞ்சுக்கொடியிலேயே பெருமளவு செயலிழந்துவிடும், குழந்தையிடம் குறைவாகத்தான் போய்ச் சேரும். முன்கூட்டியே யோசித்தால் வழி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெட்ட தண்ணீரால் வருகிற மஞ்சள் காமாலை, அதாவது ஹெபடைடிஸ் ஈ. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கிறார்கள். ஒரே வைரஸ் கர்ப்பிணியிடம் மட்டும் ஏன் இவ்வளவு கொடூரமாக நடந்துகொள்கிறது என்பதற்கு இன்றுவரை முழு விடை இல்லை. டெல்லியில் 1955-56ல் பெரிய அளவில் பரவிய நோய் இது. 70 வருடமாகியும் விடை வராத கேள்வியை முன்னுரிமை என்று சொல்லாமல் எதைச் சொல்வது?

---

ஆம்பூர்_தையல்காரி
திங்கள், காலை 7.05

நான் ஷூ கம்பெனியில அப்பர், அதாவது ஷூவோட மேல் பாகம், தைக்கிறேன். கர்ப்பமா இருக்கிறவங்களைப் பத்தி அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. கர்ப்பமா இல்லாதவங்களுக்கும் ஒரு உடம்பு இருக்குல்ல அண்ணா?

கேம்ப் போட்டு எங்க லைன்ல எல்லாருக்கும் ஊசி போட்டாங்க. அடுத்த மாசம் ஒருத்திக்குத் தள்ளிப் போச்சு, ஒருத்திக்குப் பத்து நாள் நிக்கல. பாத்ரூம் வாசல்ல நின்னு நாங்களே குசுகுசுன்னு பேசிக்கிட்டோம். கேம்புக்கு வந்தவங்ககிட்டக் கேட்டா "அதெல்லாம் சம்பந்தமில்லம்மா"ன்னு ஒரே பதில். சம்பந்தம் இல்லைன்னா பரவாயில்ல, பார்த்துட்டுத்தானே சொல்லணும்? அந்தப் பேச்சு வெளிய போய், ஊசி போட்டா கர்ப்பப்பை சுருங்கிடும், பிள்ளை தங்காதுன்னு ஆயிடுச்சு. கல்யாணம் நிச்சயமான ரெண்டு பொண்ணுங்க ரெண்டாவது ஊசிக்கு வரவே இல்ல. அதுல ஒரு பொண்ணோட அம்மாவை அந்த வருஷமே இழந்தோம். எதுக்கு எது காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருந்தா அந்தப் புரளி அவ்வளவு தூரம் போயிருக்காது.

---

பாகாயம்_ஆய்வகம்
திங்கள், காலை 8.20

தங்கச்சி சொல்வது முழுக்க நியாயம். பிற்பாடு ஆராய்ந்தார்கள். அமெரிக்காவில் மாதவிடாய் நாளைக் கைப்பேசிச் செயலியில் குறித்துவந்த கிட்டத்தட்ட 4,000 பெண்களின் பதிவை எடுத்து 2022 ஜனவரியில் ஒரு ஆய்வு வெளியானது. ஊசிக்குப் பின் சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளிப்போகிறது, பிறகு பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது என்றது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சம்பந்தமே இல்லை என்பதும் தப்பு. நீங்கள் பாத்ரூம் வாசலில் பேசிக்கொண்டது சரியான கவனிப்பு. தடுப்பூசிச் சோதனைகளின் படிவத்தில் கடைசி மாதவிடாய் எப்போது, அடுத்தது எப்போது வந்தது என்று இரண்டு வரி சேர்த்திருந்தால் இந்தப் பதில் ஒரு வருடம் முன்னாலேயே கையில் இருந்திருக்கும்.

---

காட்பாடி_ஓய்வாசிரியர்
திங்கள், மதியம் 1.15

அம்மா, தம்பி, எல்லாரும் நல்ல மனசோடு எழுதுகிறீர்கள். மாற்றுக் கருத்து ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இதற்கு ஆராய்ச்சி எதற்கு? இரும்புச்சத்து மாத்திரை, முட்டை, கீரை. தெரிந்த மருந்தையே கொண்டு சேர்க்க முடியாத நாம், தெரியாததைத் தேடிக் காசைச் செலவழிக்க வேண்டுமா? 2021 மே மாதம் என் மனைவிக்குப் படுக்கை தேடி ஒரு இரவு முழுக்க ஆட்டோவில் சுற்றியவன் நான். அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது ஆய்வுக் கட்டுரை இல்லை.

---

குடியாத்தம்_நர்ஸம்மா
திங்கள், இரவு 8.44

வாத்தியாரய்யா, அந்த ராத்திரியை நினைச்சா எனக்கும் தொண்டை அடைக்குது. அம்மா இப்ப எப்படி இருக்காங்க?

மாத்திரையைப் பத்தி ஒண்ணு சொல்லணும். 31 வருஷம் அந்தச் சிவப்பு மாத்திரையை நான் கையால கொடுத்திருக்கேன். வாங்கினவங்கள்ல பாதிப் பேர் முழுங்கல. வாந்தி வருது, வெளிக்குக் கறுப்பாப் போவுதுன்னு பரண் மேல போட்டுடுவாங்க. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கண் முன்னாடி ஒழுங்கா முழுங்கியும் ஏறாத ரத்தத்தையும் பார்த்திருக்கேன். கொரோனாவுக்கப்புறம் அப்படிப்பட்டவங்க அதிகமான மாதிரி எனக்குத் தோணுது. தோணுதுன்னுதான் சொல்ல முடியும். நான் எண்ணி வைக்கல, அது என் தப்பு.

---

பாகாயம்_ஆய்வகம்
திங்கள், இரவு 9.30

நர்ஸம்மாவுக்குத் தோன்றியதற்கு உடம்புக்குள் ஒரு காரணம் இருக்க வாய்ப்புண்டு. உடம்பில் அழற்சி நீடித்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளை அதிகமாகச் சுரக்கும். அது குடலில் இரும்பு உள்ளே ஏறும் வாசலை மூடிவிடும், இருக்கிற இரும்பையும் கிடங்கிலேயே பூட்டிவைக்கும். அந்த நிலையில் மாத்திரை விழுங்கினாலும் பெரிய பலன் இராது. ஆகவே ஐயா, தொற்றுக்குப் பிறகு சோர்ந்து கிடக்கும் பெண்ணுக்கு வெறும் மாத்திரை போதுமா, நரம்பு வழியாக இரும்பு ஏற்ற வேண்டுமா, முதலில் அழற்சி அடங்கக் காத்திருக்க வேண்டுமா என்பது ஆராய்ச்சிக் கேள்விதான். பதில் தெரியாவிட்டால் நீங்கள் கொண்டுசேர்க்கச் சொல்லும் மாத்திரையே வீணாகிறது.

---

ஜமுனாமரத்தூர்_டீச்சர்
செவ்வாய், காலை 6.40

ஜவ்வாது மலையிலிருந்து எழுதுகிறேன், சிக்னல் போனால் மன்னிக்கவும்.

எங்கள் பக்கம் முதல் அலையில் வைரஸைவிட மூடிய பாதைதான் பெண்களை வாட்டியது. 2020 மார்ச் 25ல் பஸ் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த கர்ப்பிணிகள் வீட்டிலேயே நின்றார்கள். பிக்மி நம்பர் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கியவர்களுக்கும் மாதாந்திரப் பரிசோதனை விட்டுப்போனது. கருத்தடை மாத்திரை தீர்ந்தது. ஆண்கள் எல்லாம் கேரளாவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வேலையிழந்து வீட்டில் இருந்த நேரம். அடுத்த ஜனவரி, பிப்ரவரியில் யார் யாருக்குப் பிரசவம் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதில் எத்தனை பேர் விரும்பிச் சுமந்தார்கள் என்று கேட்டவர் இல்லை. வீட்டுக்குள் அடி வாங்கியவர்கள் கதையும் இதோடு சேர்ந்ததுதான். போன் ஒன்றுதான், அதுவும் புருஷன் கையில். உதவி எண்ணை எப்படிக் கூப்பிடுவார்கள்?

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்ததைப் படித்தேன். தொற்றுக் காலத்தில் குழந்தை செத்துப் பிறப்பது 28 சதவீதமும், தாய்மார் மரணம் 37 சதவீதமும் கூடியதாக அதில் இருந்தது. இந்தச் சுமை பெரும்பாலும் வசதி குறைந்த நாடுகளின் தலையில்தான் விழுந்தது. இதில் வைரஸ் கொன்றது எத்தனை, பஸ் நின்றதால் போனது எத்தனை? அதைப் பிரித்துச் சொல்லும் ஆய்வு எங்களுக்கு வேண்டும். அப்போதுதான் அடுத்த முறை ஊரை அடைக்கும்போது எதைத் திறந்து வைக்க வேண்டும் என்று தெரியும்.

---

குடியாத்தம்_நர்ஸம்மா
செவ்வாய், காலை 7.15

டீச்சரம்மா, செத்துப் பொறந்த பிள்ளைங்களைப் பத்தி எழுதினீங்க. இரண்டாவது அலையில டெல்டா வகைக் கொரோனா தாக்கினப்ப நஞ்சுக்கொடியே வெந்துபோன மாதிரி ஆகி, குழந்தைக்கு ரத்தம் போகாம இறந்ததுண்டுன்னு பிற்பாடு படிச்சேன். நான் பார்த்த அப்படிப்பட்ட பிரசவங்கள்ல நஞ்சுக்கொடியை யாரும் சோதனைக்கு அனுப்பல. பானையில போட்டுப் புதைச்சோம். கேள்வியையும் சேர்த்துப் புதைச்சிருக்கோம்.

---

நெறியாளர்
செவ்வாய், காலை 10.00

கஷாயச் செய்முறை, மருந்து அளவு சொன்ன இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. இந்த இழையில் சிகிச்சைப் பரிந்துரை வேண்டாம்.

---

புள்ளியியல்_மாணவி
செவ்வாய், இரவு 11.20

அக்கா, உங்கள் கணக்கு நோட்டு என்னைத் தூங்கவிடவில்லை. நான் முதுகலைப் புள்ளியியல் படிக்கிறேன்.

நீண்டநாள் கொரோனாவைப் பற்றி 22 நாடுகளின் தரவைச் சேர்த்து 2022ல் ஒரு கணக்கு வந்தது. அறிகுறியோடு நோய் கண்ட 20 வயது தாண்டியவர்களில், மூன்று மாதம் கழித்தும் சோர்வு, மூச்சுத்திணறல், மறதி என்று தொடர்ந்தவர்கள் பெண்களில் 10.6 சதவீதம், ஆண்களில் 5.4 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. இப்படிப்பட்ட ஆய்வுகளில் 'களைப்பாக இருக்கிறதா' என்று கேட்டு ஆம், இல்லை என்று குறிப்பதே வழக்கம். நம் ஊர்ப் பெண்ணிடம் களைப்பா என்று கேட்டால் "அது எப்பவும்தான்" என்பாள். ஆயிரம் அறுநூறாச்சு என்பது அப்படி இல்லை. அது எண்.

ஆனாலும் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஊரடங்கில் இலையும் தூளும் வராமல் இருந்திருக்கலாம். பள்ளி மூடி, பிள்ளைகள் வீட்டில் இருந்ததால் நேரம் குறைந்திருக்கலாம். கூட உட்கார்ந்து சுற்றிய மாமியார் இறந்திருந்தால் இரண்டு பேர் கணக்கு ஒரு பேர் கணக்காக இறங்கியிருக்கும். ஏஜென்டே சரக்கைக் குறைத்திருக்கலாம். ஆகவே கொரோனா வந்தவர் நோட்டையும், அதே ஏஜென்டிடம் வாங்கும் வராதவர் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இருவருக்கும் ஒன்றாக விழுந்தால் தொழிலின் கதை. ஒருவருக்கு மட்டும் விழுந்து எழவில்லை என்றால் உடம்பின் கதை. வராதவர் என்று நினைப்பவருக்கும் தெரியாமல் வந்து போயிருக்கலாம் என்ற சிக்கலும் உண்டு.

இன்னொரு குறையும் இருக்கிறது. கொரோனா காலத்தில் நம் மாநிலத் தினசரி அறிக்கை ஆண், பெண், திருநர் என்று தனித்தனியாகக் கொடுத்தது. பல நாடுகள் அதைக்கூடச் செய்யவில்லை. ஆனால் சோதனைக்கே வராத பெண் எந்தக் கட்டத்திலும் வரமாட்டாள். வீட்டில் ஒருவருக்குத்தான் செலவழிக்க முடியும் என்றால் யாரைக் கூட்டிப்போனார்கள்? அதையும் ஆராய வேண்டும்.

---

பழைய_வடாற்காடு
புதன், காலை 5.50

இதெல்லாம் நேற்று முளைத்த கேள்வி இல்லை. 1918 இன்ஃப்ளுயன்சாவில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் மடிந்தார்கள். உலகின் பல பகுதிகளில் ஆண்கள் அதிகம் இறந்தபோது, இங்கே பெண்கள் அதிகம் இறந்தார்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையிலேயே 20 முதல் 40 வயதுப் பெண்களை அது அதிகம் தாக்கியது, கர்ப்பிணிகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை என்ற கருத்து பதிவாகியிருக்கிறது. அதே 1918ல், ஆகஸ்ட் மாதம், நம் வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். திண்டிவனத்தில் ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து மருத்துவம் படிக்கப் போனவர் அவர் என்பது இங்கே எல்லாரும் அறிந்த கதை.

கர்ப்பிணிக்கு ஃப்ளூ ஆபத்து என்று 1921ல் அச்சில் வந்தது. நூறு வருடம் கழித்து 2021ல் கர்ப்பிணிக்கு ஊசி போடலாமா என்று தெரியாமல் நின்றோம்.

---

ராணிப்பேட்டை_சிஸ்டர்
புதன், மதியம் 2.30

டியூட்டி இடைவேளை, சுருக்கமா எழுதறேன். கவச உடையை ஆம்பளை அளவுக்குத் தைச்சு அனுப்பினாங்க. எனக்கு முட்டி வரைக்கும் தொங்கும், முகக்கவசம் கன்னத்துல பொருந்தாது. ஒரு தடவை போட்டா ஆறு மணி நேரம் கழட்டக் கூடாது. அந்த நாள்ல நாப்கின் மாத்த வழி இல்லாம ரெண்டு, மூணு வச்சுக்கிட்டு நிப்போம். சிறுநீரை அடக்கி அடக்கி எங்க வார்டுல பாதிப் பேருக்குச் சிறுநீர்த் தொற்று. நோயாளியா வர்ற பெண்ணைப் பத்திப் பேசறோம், சரி. பார்த்துக்கிட்ட பெண்களோட உடம்பையும் பட்டியல்ல சேருங்க. நர்ஸ், ஆயாம்மா, தூய்மைப் பணியாளர் எல்லாரும்.

---

ஆரணி_வக்கீல்
புதன், இரவு 10.05

கணக்கு நோட்டை ஆய்வுக்கு எடுப்பது பற்றி ஒரு எச்சரிக்கை.

1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். அதைச் சோதிக்க வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்தது அப்படித்தான். நாட்டையே எச்சரித்த கண்டுபிடிப்பு, அந்த மாணவியின் துணிச்சலில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்து வழக்கம் அது. எந்த அறிவு வந்தாலும் அவர்கள் ரத்தத்திலிருந்துதான் வந்தது, அவர்கள் பெயரோ விருப்பமோ எங்கும் இல்லை.

இப்போது பீடி நோட்டு. நோட்டு ஏஜென்டிடமும் இருக்கிறது. இவள் கை தளர்ந்துவிட்டது என்று ஒரு ஆய்வே எழுதிக் கொடுத்தால், அடுத்த வாரம் இலை யாருக்குப் போகும்? முன்னுரிமைப் பட்டியலின் தலைப்பில் இதை எழுத வேண்டும்: கேட்பதற்கு முன், எதற்குக் கேட்கிறோம், யாரிடம் போகும் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

---

ஆம்பூர்_தையல்காரி
வியாழன், காலை 7.00

வக்கீல் சார் சொன்னது எங்களுக்கு அப்படியே பொருந்தும். கம்பெனியில மூச்சு வாங்குதுன்னு சொன்னா பீஸ் எண்ணிக்கை குறைஞ்ச லைனுக்கு மாத்திடுவாங்க, இல்ல நிறுத்திடுவாங்க. அதனாலதான் யாரும் சொல்றதில்ல. கேள்வி கேக்கறவங்க கம்பெனிக்குள்ள வராம, எங்க வீட்டுக்கு வரணும்.

---

பாகாயம்_ஆய்வகம்
வியாழன், இரவு 9.15

வீட்டுக்கு வருபவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வப் பெண்கள் சுகர், பிரஷர் மாத்திரையோடு வீடு வீடாகப் போகிறார்கள். அவர்கள் கையில் இரண்டு கேள்வியைக் கூடுதலாகக் கொடுக்கலாம். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமும் கொடுக்க வேண்டும், அதையும் இலவசமாக வாங்கக் கூடாது.

நம் ஊருக்கு இதில் ஒரு மரபே உண்டு. 1969 முதல் 1973 வரை வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை ஒரு ஆய்வு பதிவு செய்து, பெரியவர்களான பிறகும் தொடர்ந்து பார்த்தது. அவர்களில் உள்ள பெண்களுக்கு 2020ல் 47 முதல் 51 வயது. மாதவிடாய் நிற்கும் பருவம். நர்ஸம்மா சொன்ன அக்காவிடம் 'வயசாகுது' என்று தள்ளிவிட்டார்களே, அந்த வயதுதான் கிட்டத்தட்ட. வைரஸ் செய்தது எது, வயது செய்தது எது என்று பிரிக்க, நோய்க்கு முன்பே உடம்பு பதிவான பெண்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். கர்ப்பிணிகளை முதலிடம் என்றேன், அதை மாற்றவில்லை. ஆனால் இந்த வயதுப் பெண்கள் என் பட்டியலில் முதலில் இல்லவே இல்லை. நர்ஸம்மாவால்தான் சேர்த்தேன்.

---

காட்பாடி_ஓய்வாசிரியர்
வெள்ளி, காலை 6.20

என் மனைவி பிழைத்துவிட்டாள் அம்மா, விசாரித்ததற்கு நன்றி. இந்த இழையை நேற்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, மாவாட்டும்போது கிரைண்டர் குழவியைத் தூக்க முடியவில்லை, மூன்று வருடமாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுத்தான் தூக்குகிறேன் என்றாள். ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. என் பதிவில் சொன்ன வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். படுக்கையும் வேண்டும், இதுவும் வேண்டும்.

---

குடியாத்தம்_நர்ஸம்மா
அடுத்த திங்கள், இரவு 9.50

நேத்து ஞாயித்துக்கிழமை எங்க தெரு முனையில வேப்பமரத்தடியில உட்கார்ந்தோம். பீடி சுத்துறவங்க 11 பேர். வக்கீல் சார் சொன்ன மாதிரி முதல்லயே சொல்லிட்டேன்: இது யார்கிட்டயும் போகாது, ஏஜென்ட்டுக்குத் தெரியாது, பிடிக்கலைன்னா எழுந்து போகலாம். ரெண்டு பேர் எழுந்து போயிட்டாங்க. சந்தோஷமாவே அனுப்பி வச்சேன்.

எதை ஆராயணும்னு அவங்களையே கேட்டேன். வைரஸைப் பத்தி ஒருத்திகூடக் கேக்கல. ஒருத்தி, "தூள் வாசனையே தெரியல, பிள்ளைக்குச் சோறு தீஞ்சாலும் தெரியல, திரும்ப வருமா?"ன்னா. ஒருத்தி, "மூணாம் மாசத்துல ஜுரம் வந்துச்சு, அந்தப் பொண்ணு இன்னும் சரியாப் பேசல, அதனாலயா?"ன்னு கேட்டு அழுதா. புருஷனைக் கொரோனாவுல பறிகொடுத்தவ, "ராத்திரி நெஞ்சு படபடங்குது, அது நோயா துக்கமா?"ன்னா. இன்னொருத்தி, "நான் முன்ன மாதிரி ஆவேனா, இல்ல இதுதான் இனிமே நானா, அதை மட்டும் யாராச்சும் சொல்லுங்க"ன்னா. எல்லாத்தையும் அவங்க வாய்வார்த்தையாவே எழுதி வச்சிருக்கேன். மாணவித் தங்கச்சி, பேர் இல்லாம உனக்கு அனுப்பறேன்.

நோட்டு விஷயம். ஏஜென்ட் நோட்டை வெளிய கொடுக்க அவங்களுக்குப் பயம், சரிதான். அதனால என் தெருக்காரி ஒரு வழி சொன்னா. பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அவளே கோடு போட்டா. தேதி, எத்தனை பீடி, தீட்டு வந்த நாள், அன்னிக்கு உடம்பு எப்படி. நாலாவது கட்டத்துல எழுத்து வராதவங்களுக்கு ஒரு புள்ளின்னா நல்லாயிருக்கேன், ரெண்டுன்னா சுமார், மூணுன்னா முடியல. நோட்டு அவங்க பரண்ல அவங்ககிட்டயே இருக்கும். ஆறு பேர் நேத்து ராத்திரியே ஆரம்பிச்சுட்டாங்க.

வர்ற ஞாயிறு பேரணாம்பட்டு போறேன். ஆம்பூர்த் தங்கச்சி, உங்க லைன்ல இருக்கிறவங்க எல்லாருக்கும் ஒண்ணா லீவு என்னிக்குன்னு சொல்லுங்க, நோட்டு வாங்கிட்டு வர்றேன்.